பென்சில் தேய்த்த முகம்

மாடியில் குடியிருக்கும் பாங்க்காரர் முதன்முதலாக ஒரு கேமரா வாங்கியிருக்கிறார். கூடவே ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்று. கத்துக்குட்டிகளுக்கு அதுதான் தோதாம், முகத்தைத் தவிர மற்றதெல்லாம் மங்கிவிடுமாம். சித்தூரில் அவருக்கு வேறு ஆள் அகப்படவில்லை போலிருக்கிறது, எண்பதைத் தாண்டிய என்னைப் பிடித்து ஜன்னலோரம் உட்காரவைத்தார். எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு ஏதோ ஒரு புள்ளியை இப்படியும் அப்படியும் இழுத்தார். சின்ன வயதிலிருந்து என் முகத்தில் குடியிருக்கும் அம்மை வடுக்கள் எல்லாம் போய்விட்டன. "எலா உந்தி டீச்சர்?" என்று, எப்படி இருக்கிறதென்று தெலுங்கில் பெருமையாகக் கேட்டார். இருந்தபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பாவம், நல்ல மனுஷர், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார்.

அவர் மேல் தப்பில்லை. இதே வேலையை எங்கள் அண்ணன் பென்சிலால் செய்தான்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எந்தத் தாலுகா எந்தப் பக்கம் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம். அண்ணன் ஒரு ஆபீசில் குமாஸ்தா. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பெட்டிக் கேமரா வாங்கினான். கறுப்பு டப்பா, இடுப்பு உயரத்தில் வைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்கவேண்டும். கிட்டே போனால் படம் கலங்கிவிடும். அதற்காகத் தனியாக ஒரு கண்ணாடி வில்லை விற்றார்கள். டப்பாவின் மூக்கில் அதை மாட்டிவிட்டால் பக்கத்தில் நின்றே முகத்தை எடுக்கலாம். அந்த வில்லையைப் பஞ்சில் சுற்றி, காலியான மூக்குப்பொடி டப்பாவில் வைத்திருந்தான். முகத்தருகே வந்தான் என்றால் பொடி நெடியில் எங்களுக்குத் தும்மல் வரும். எங்கள் அப்பா, நைனா, மூக்கைத் துடைத்துக்கொள்ளும் படம் ஒன்று அப்படித்தான் கிடைத்தது.

ஃபிலிம் கழுவ அவன் திருப்பதிக்குப் போவான். மொட்டை போட்ட குடும்பங்கள் சந்தனம் மணக்க வந்து, கோபுரம் வரைந்த திரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஸ்டுடியோ அது. மொட்டைத் தலையில் கத்தி கீறிய கோடுகள் படத்தில் விழுந்துவிடுமாம். அதை மறைக்கவே உள்ளே ஓர் ஆள் நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்து, ஊசியாய்ச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் பார்த்துக் கற்றுக்கொண்டான். தலையில் இருக்கும் கீறல் போகுமென்றால் தங்கச்சி கன்னத்தில் இருக்கும் குழி போகாதா என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. பாசம்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

"ஆடாம ஒக்காந்துகினு இரு, வாயத் தொறக்காத" என்று வில்லையை மாட்டி என்னை எடுத்தான். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் கண்ணாடியில் நெகட்டிவை ஒட்டிவைத்துப் பென்சிலோடு உட்கார்ந்தான். பிரிண்டில் என் கன்னத்தில் ஒரு குழிகூட இல்லை. அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்கவேண்டும்? அந்தப் படம் வரதய்யபாளையத்துப் பக்கம் நிலபுலமுள்ள ஒரு குடும்பத்துக்குப் போனது. படம் பிடித்துப்போய், பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

வந்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, காப்பித் தட்டோடு கூடத்துக்குப் போனேன். பையனின் அம்மா மடியில் படம் இருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ பொண்ணுக்கு அக்காவாம்மா? தங்கச்சிய வரச்சொல்லு, பாத்துட்டு நேரத்தோட கெளம்பணும்" என்றார்.

அந்தக் குரலில் கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்தால் அழுதிருப்பேன். அவர் மனதார, அன்பாகக் கேட்டார். என் உடம்பு முழுக்க வெட்கம் தீயாகப் பிடித்துக்கொண்டது. நைனா தரையைப் பார்த்தார். அண்ணன் ஒருமுறை என்னைப் பார்த்தான், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான். "தல வாரிகினு இருக்கா, இப்ப வந்துடுவா" என்றான்.

உள்ளே என் தங்கை வசந்தா அடுப்படியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குச் செய்த கேசரியைத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு இரண்டு வயது இளையவள், அம்மை தொடாதவள். ஒரே ஜாடை எங்களுக்கு. அம்மா தன் கல்யாணப் புடவையை எடுத்து வந்தாள்.

"நான் போவ மாட்டேங்க்கா. ஒன்னத்தான பாக்க வந்தாங்க?"

"போடி. அவங்க போட்டோவப் பாக்க வந்தாங்க" என்றேன். என் தலையிலிருந்த பூவை நானே கழற்றி அவளுக்கு வைத்தேன். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் போகாவிட்டால் அந்தப் படத்தில் இருப்பது நான்தான் என்று யாராவது வாய்திறந்து சொல்லவேண்டும். எல்லாருடைய கண்ணும் படத்துக்கும் என் முகத்துக்குமாகப் போய்வரும். அதை என்னால் தாங்கியிருக்க முடியாது.

வசந்தாவைப் பார்த்ததும் அவர்கள் முகம் மலர்ந்தது. "அக்காவ எங்க குடுத்திருக்கீங்க?" என்று கேட்டார்கள். அண்ணன் கூசாமல் சொன்னான்: "பேசி முடிச்சாச்சுங்க. மாப்பிள்ளைக்கு கவர்மென்ட் வேலை. அவரு தாலுகா இந்தப் பக்கமா மெட்ராஸ் பக்கமான்னு தெரியல. எல்ல முடிவாவட்டும், தேதி வெச்சிரலாம்."

அந்தக் காலத்தில் இதை யாரும் சந்தேகப்படமாட்டார்கள். வேலை மாற்றல், நிலப் பதிவு, பள்ளிக்கூடம் எல்லாமே எல்லைக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தன. பையனின் அப்பா தலையாட்டிவிட்டு, சத்தியவேடு எந்தப் பக்கம் போகும் என்று நைனாவோடு பேச ஆரம்பித்துவிட்டார். பிறகு எல்லையும் முடிவானது. திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. என் மாப்பிள்ளைதான் எந்தப் பக்கமும் அகப்படவில்லை. நான் நகரியில் கணக்கு டீச்சராகப் போய்ச் சேர்ந்தேன்.

அன்றைக்குப் பிறகு அண்ணன் கேமராவைத் தொடவில்லை. வசந்தா கல்யாணத்துக்குக்கூட எடுக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் நேருக்கு நேர் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டோம்.

இரண்டாவது பிரசவத்தில் ஜன்னி கண்டு வசந்தா போய்விட்டாள். காரியத்துக்குப் போனபோது அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு, குங்குமம் வைத்து என் படம் மாட்டியிருந்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டிருந்தார்கள். அவர்களிடம் இருந்த ஒரே படம் அதுதான். பெரிய குழந்தையைத் தூக்கிப்பிடித்து, "அம்மாவக் கும்புடு சாமி" என்றார் அந்த மாமியார். அது என் முகத்தைப் பார்த்துக் கைகூப்பியது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். துக்கம் என்று நினைத்து எல்லாரும் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். துக்கம்தான், ஆனால் வெட்கமே அதிகம்.

இப்போது அண்ணன் இல்லை. அந்த வீட்டை இடித்துவிட்டார்கள், படம் என்ன ஆனதென்று நான் விசாரிக்கவில்லை. கண்ணை மூடி வசந்தாவை நினைத்தால் அந்தப் பென்சில் முகம்தான் வருகிறது, வாயை இறுக மூடிக்கொண்டு. அவளோ வாயை மூடியிருந்ததே கிடையாது. சிரித்தால் ஒரு தெற்றுப்பல் தெரியும். அது எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கு நினைவில்லை. கேட்டால் சொல்ல இனி ஒருவரும் இல்லை.