கருவாட்டு வைத்தியர்

எங்கள் ஊரில் ஒரு நல்ல மனிதருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. வைத்தவர்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். மீதிப் பேருடைய பிள்ளைகள் மாந்தத்திலும் பேதியிலும் போய்விடாமல் அவருடைய கஷாயத்தால் தங்கியவர்கள். அவரைத்தான் ‘கருவாட்டு வைத்தியர்’ என்றார்கள். நன்றி என்பது எங்கள் ஊர் மண்ணில் அவ்வளவாக விளையாத பயிர்.

நார்த்தாமலைக்குத் தெற்கே, ஒரு கண்மாயை ஒட்டிய ஊர் அது. மகாராஜா ஆண்டுகொண்டிருந்தார். எங்கோ பெரிய சண்டை நடப்பதாகச் சொன்னார்கள். அதில் எங்களுக்கு வந்து சேர்ந்தது மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு மட்டும்தான். வாத்தியார் கண்மாய்க்கரையில் கீற்றுக்கொட்டகை போட்டுப் பள்ளிக்கூடம் நடத்தினார். ஊருக்கு வைத்தியரும் அவரே. காலையில் பாடம், மாலையில் மருந்து என்று சொல்லிக்கொள்வார், ஆனால் இரண்டும் கலந்தேதான் கிடக்கும். பள்ளிக்கூடம் வரும் வழியில் ஆளுக்கொரு செடி பறித்துவர வேண்டும். அருகம்புல்லைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் ‘அ’ எழுத வேண்டும், ஆடாதொடைக்கு ‘ஆ’, தூதுவளைக்குத் ‘தூ’. எழுதி முடித்ததும் செடிகளெல்லாம் அவருடைய மருந்து அரைக்கும் கல்வத்துக்குப் போய்விடும். பிள்ளைகளை ஏய்த்து மூலிகை சேர்க்கிறார் என்று என் பெரியம்மா சொல்லிச் சிரிப்பாள். ஏய்த்தாரோ என்னவோ, இன்றைக்கும் எந்த எழுத்தைப் பார்த்தாலும் எனக்கு ஒரு பச்சிலை வாசனை வருகிறது.

எழுத்தோடு பத்தியத்தையும் பாட்டுப் போலச் சொல்லிக்கொடுப்பார். ‘காமாலைக்கு உப்பாகாது, புளியாகாது, எண்ணெயாகாது, கருவாடு வாசப்படிக்கே ஆகாது’ என்று நாங்கள் கொட்டகை அதிரக் கத்துவோம். கண்மாயில் மாடு குளிப்பாட்டுகிறவர்கள்கூடச் சேர்ந்து சொல்வார்கள். ஊரில் அது தெரியாதவர் கிடையாது.

எங்கள் தெருவிலிருந்து அங்கே படிக்கப்போன ஒரே பெண் நான். பெரியப்பா சம்மதித்தது படிப்பின் மேலுள்ள ஆசையால் அல்ல. நான் வீட்டிலிருந்தால் வாய் ஓயாது, கொஞ்ச நேரம் அங்கே போய்க் கத்தட்டும் என்றுதான். தாத்தா காலமாகிவிட்டதால் அவர் சொன்னதுதான் வீட்டில் சட்டம். அடுப்படியில் பெரியம்மா வைத்ததே சட்டம்.

அந்த வருஷம் என் சித்தப்பாவுக்கு மஞ்சள்காமாலை கண்டது. சித்தப்பாவைப் பற்றிச் சொல்வதென்றால் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவன்தான் முதலில் களைப்பான். அப்பேர்ப்பட்டவரை வாத்தியார் உப்பில்லாப் பத்தியத்தில் உட்காரவைத்தார். விடிந்ததும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பார். கண்ணின் மஞ்சள் நன்றாகத் தெளிந்து வந்தது. இனி மறுபத்தியமும் முடிந்து தலைக்குத் தண்ணீர் விட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, “நாக்குச் செத்துப்போச்சு, நான் இருந்து என்ன செய்ய?” என்று புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

அவர் புலம்பியது சித்தியிடம். சித்தி மணமேல்குடிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி வந்து வருஷம் திரும்பவில்லை. பிறந்த வீட்டிலிருந்து ஓலைப்பெட்டியில் கருவாடு வரும். எல்லோரும் வழித்துச் சாப்பிடுவார்கள். சாப்பிட்ட வாயாலேயே பெரியம்மா, “உப்புக்காத்துல வளந்ததுக்கு என்ன பதவிசு தெரியும்” என்பாள். ஒருநாள் சோறு அடிப்பிடித்துவிட்டது. அதற்கு, “இன்னொரு தப்புப் பண்ணு, வண்டியக் கட்டி ஒங்க ஊருல எறக்கிவிட்டுட்டு வந்துருவேன்” என்றாள். வெறும் பேச்சென்று யாரும் நினைக்கவில்லை. எதிர்வீட்டு மருமகள் அப்படி வண்டியேறிப் போனவள், திரும்பி வரவே இல்லை.

ஒருநாள் உச்சிவேளையில் ஆடு தேடி வைக்கோற்போருக்குப் பின்னால் போனேன். சித்தப்பா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். சித்தி தணலை விசிறி வாளைக் கருவாட்டைச் சுட்டுச் சுட்டு அவர் கையில் வைக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். சித்தியின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. புருஷன் பிழைத்துக்கொண்டான் என்றே நினைத்திருப்பாள். என்னைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், கருவாடு சுடும் வாசனையை மறைக்க முடியுமா? தெரு முழுக்க மணந்தது. யார் வீட்டில் கருவாடு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் மூக்கு இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

சில நாளில் சித்தப்பாவுக்கு வயிறு வீங்கி, மஞ்சள் முன்னைவிட மோசமாகத் திரும்பியது. வீட்டில் ஒப்பாரி கிளம்பாத குறை. மருந்தில் ஏதோ பிசகு, வாத்தியார் எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஞாபகத்தில் பச்சிலையை மாற்றி அரைத்துவிட்டார் என்று முதலில் சொன்னது யாரோ, கடைசியில் சொல்லாதவர் யாரும் இல்லை. பெரியப்பா அவரை அம்மன் கோயில் வாசலுக்கு அழைத்தார்.

ஊரே கூடியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சித்தப்பா போர்வையைச் சுற்றிக்கொண்டு தன் கால் விரல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சித்தி பெரியம்மாவுக்குப் பின்னால் நின்றாள். தட்டில் சூடம் ஏற்றினார்கள்.

“மருந்துல குத்தமில்லைன்னா சூடத்த அடிச்சு அணைங்க வாத்தியாரே. பெறகு நாங்க ஒண்ணும் கேக்கலை” என்றார் பெரியப்பா.

எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தியத்துக்கு மேல் வழக்கே கிடையாது. பொய்யாக அணைத்தவன் குலம் விளங்காது என்று ஊரே நம்பியது. வாத்தியார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்கென்ன பயம்? கையையும் ஓங்கிவிட்டார். கற்றுக்கொடுத்தவரையே சத்தியம் பண்ணச் சொல்கிறார்களே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. “சித்தப்பாதான் கருவாடு தின்னாக! நான் பாத்தேன்!” என்று கத்திவிட்டேன்.

பெரியம்மா மெதுவாகத் திரும்பினாள்.

“யாரு சுட்டுக் குடுத்தா?” என்றாள். “இந்தா, வாத்தியாரு அணைக்கட்டும். அடுத்தாப்புல எங்க வீட்டுப் பொம்பளைக ஒவ்வொருத்தியா வந்து அணைக்கட்டும். அங்கிட்டும் இங்கிட்டும் போக வேணாம், இப்பவே தெரிஞ்சுரும்.”

சித்தி கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வயிற்றுவலி போலிருக்கிறது என்று நினைத்தேன். வாத்தியார் ஓங்கிய கையோடு அவளையே ஒரு நொடி பார்த்தார். பிறகு கையைக் கீழே போட்டார். சூடம் தானாக எரிந்து அணைந்தது.

“கருவாடு திங்கச் சொன்னது நாந்தாங்க” என்றார். “நாக்குச் செத்துக் கெடக்கேன்னாரு. கொஞ்சம் சுட்டுத் தின்னா ஒண்ணும் பண்ணாதுன்னு நாந்தான் சொன்னேன். தப்பு எம்மேல.”

முதலில் ஒருவன் சிரித்தான். அப்புறம் ஆண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. காமாலைக்குக் கருவாடு. யாரோ எங்கள் பத்தியப் பாட்டையே மாற்றிப் பாடினான். அந்த இடத்திலேயே பெயரும் வைத்தாகிவிட்டது. பெரியப்பா காறித் துப்பினார். நான் விடவில்லை. “அவுக சொல்றது பொய்யி” என்று அழுதேன். வாத்தியார் என் பக்கம் திரும்பி, “ஆத்தா, பேசாம இரு” என்றார். பொய் சொன்னால் முழங்காலில் நிற்கவைக்கிற வாத்தியார், அம்மன் வாசலில் ஊரறியப் பொய் சொல்லிவிட்டு என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். அம்மா என்னை முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனாள்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். சித்தப்பாவை வண்டியில் போட்டுப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மெல்லத் தேறி வந்தார். அதன் பிறகு நெடுங்காலம் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு வாழ்ந்தார். ஒருநாள்கூட வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. திறந்ததெல்லாம் சோற்றுக்குத்தான். கொட்டகைக்குப் பிள்ளைகள் வருவது நின்றது. கூரை சரிந்தபோது கீற்று மாற்ற ஆளில்லை. ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதே ஊர்க்காரர்கள் கொல்லைப்பக்கமாகப் போய் அவரிடம் மருந்து வாங்கினார்கள். வாங்கிக்கொண்டு வந்து, முன்வாசலில் நின்று கருவாட்டு வைத்தியர் என்று சிரித்தார்கள். வெட்கங்கெட்ட ஜனங்கள்.

என் படிப்பும் அதோடு நின்றது. எழுத்துகளில் பாதிதான் அதுவரை எனக்கு வந்திருந்தது. மிச்சத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு என் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் திருட்டுத்தனமாகக் கற்றேன். வாத்தியார் மேல் எனக்கு அப்படியொரு கோபம். ஒரு கை தட்டினால் அணைந்திருக்கும் சூடம். அதைக்கூட அணைக்காமல் என் பள்ளிக்கூடத்தை அணைத்துவிட்டாரே என்று. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் மட்டும் வழக்கம்போல, “என்ன ஆத்தா, இன்னைக்கு என்ன செடி?” என்பார்.

நெல் அறுப்பு முடிந்தபோது சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரியம்மாவே தொட்டில் கட்டினாள், பெரியம்மாவே பேறுகாலக் காய மருந்து இடித்தாள். சித்தியை வண்டியேற்றும் பேச்சு அதற்குப் பிறகு வீட்டில் எழவில்லை.

சித்தி மட்டும் அந்தப் பட்டப்பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டில் யாராவது சொன்னால் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவாள். மணமேல்குடியிலிருந்து ஓலைப்பெட்டி வந்தால் எல்லோருக்கும் ஆக்கிப் போடுவாள், தன் தட்டில் ஒரு துண்டு வைக்கமாட்டாள். கடற்கரையில் பிறந்தவளுக்குக் கருவாடு பிடிக்காதாம் என்று ஊரெல்லாம் ஆச்சரியப்பட்டது. எனக்கும் அப்போது ஆச்சரியமாகத்தான் இருந்தது.