பாறசாலையில் கிடைத்த வலது கார்புரேட்டர்

காலை ஏழரைக்கு மார்த்தாண்டத்திலிருந்து கிளம்பினேன். பாறசாலை ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர். கேரளத்தில் பெட்ரோல் விலை கூடுதல் என்பதால் எல்லை தாண்டும் முன் களியக்காவிளையிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டேன்.

என் வண்டி ஐம்பது வயது தாண்டிய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர். அதற்கு இடம் ஒன்று, வலம் ஒன்றாக இரண்டு கார்புரேட்டர் வேண்டும். எனக்கு வாய்த்தவை இரண்டுமே இடது. இரண்டு இடதுகால் செருப்பைப் போட்டு நடக்கிற பிழைப்பு. கிளப்பும் முன் கார்புரேட்டரில் அழுத்த வேண்டிய பொத்தான், வலப்பக்கத்தில் வெளியே இல்லாமல் உள்ளே திரும்பி நிற்கும். எஞ்சின் ஆறாமல் விரலை விட்டால் பொசுங்கும்.

போன வாரம், பழைய பைக் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பாறசாலை ஸ்டெல்லா அக்கா போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் வண்டியும் அதே ரகம். ஆனால் இரண்டு கார்புரேட்டரிலும் வலதுக்குரிய 'ஆர்' எழுத்து! மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். உன்னுடையது ஒரிஜினல் என்றால் மட்டும், என்றார்.

எட்டரைக்கு அவர் வீட்டில் இருந்தேன். அக்காவுக்கு வங்கியில் வேலை, அன்று விடுமுறை. எஞ்சின் ஆறும்வரை அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தந்தார். பிறகு கழற்றினோம்.

"மினுங்குதே மக்கா. டூப்ளிகேட் ஆக்கும்னு தோணுது."

என் கார்புரேட்டரை அக்கா வெயிலில் திருப்பிப் பார்த்தார். ஒரிஜினல் மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். என்னுடையதில் யாரோ வெள்ளி பெயிண்ட் பூசியிருந்தார்கள்.

"வாங்கும்போதே பெயிண்ட் இருந்துது, அக்கா."

"பொறு, பெயிண்ட் தின்னர் உண்டு."

துணியை நனைத்துத் தேய்த்தார். சாம்பல் நிறம் எட்டிப்பார்த்தது. அப்புறம் எண்கள், ஒன்று ஏறி ஒன்று இறங்கி. போலியில் அவை அச்சுப்பிசகாமல் நிற்கும். கையால் அடித்ததில்தான் இந்தக் கோணல். கடைசியில் இடதுக்குரிய 'எல்' தெரிந்தது.

"நேரா நிக்கல்ல, பாத்தியா? ஒரிஜினல் ஆக்கும்."

துணியை வாங்கும்போது அவரது இடதுகை விரலில் சூட்டுத் தழும்பைக் கண்டேன். அதே தழும்புள்ள என் வலதுகையை நீட்டிக் காட்டினேன். இருவரும் சிரித்துத் தீர்த்தோம்.

ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தியதும், பதினோரு மணிக்கு இரண்டு வண்டியும் அமரவிளை பாலம் கடந்து நெய்யாற்றின்கரை வரை சேர்ந்தே ஓடின. அங்கே தலா பன்னிரண்டு ரூபாய்க்குச் சாயா குடித்துவிட்டுப் பிரிந்தோம்.

திரும்பும்போது களியக்காவிளையில் சற்று நிறுத்தினேன். அக்காவிடமிருந்து செய்தி வந்திருந்தது: "எனக்க எடது கை ரட்சப்பட்டுது மக்கா. உனக்க வலது கை?"

பதில் போடக் கொஞ்சம் தாமதமானது. வண்டியைக் கிளப்பப் போன என் விரல், பழக்கத்தில் உள்பக்கம் பழைய இடத்திலேயே பொத்தானைத் தேடி, புதிதாக ஒரு சூடு வாங்கியிருந்தது.