படுத்து அளந்த குவாந்திக்

என் புருஷனுடைய அண்ணன் குவாந்திக் ரொம்ப நல்ல மனுஷன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரே முற்றத்தில் அவரோடு குடித்தனம் பண்ணினவள் நான். முட்டை ஊற்றின பராக் கொழுக்கட்டை வைத்தால் தட்டு காலியாகிறவரைக்கும் வாய் திறக்க மாட்டார். தேநீர் குடிப்பார். மீதி நேரம் படுத்திருப்பார். ஊரிலேயே நெட்டையான ஆள் அவர். உடம்பு எவ்வளவு நீளமோ சோம்பலும் அவ்வளவு நீளம்.

அந்தச் சோம்பலுக்கு ஊரே கூடி ஒரு வேலை கொடுத்தது பாருங்கள், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஹொரெஸ்ம் பக்கத்தில் ஆற்றுத் தண்ணீர் கூழ் மாதிரிதான் வரும். பனி விட்டதும், தண்ணீர் திறக்கிறதுக்கு முன்னால், வாய்க்காலைத் தூர் வாரியே ஆகணும். இல்லையென்றால் பருத்தியும் கிடையாது, முலாம்பழமும் கிடையாது. வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்து ஊர்கூடி வெட்டுவோம். வாரின வண்டலைக் கரைமேல் குவிப்போம். குவியலுக்கும் வாய்க்கால் விளிம்புக்கும் நடுவே தட்டையாக ஒரு படி விடணும். படி அகலமாக இருந்தால் சரிகிற மண் அதிலேயே தங்கிக்கொள்ளும். ஒடுக்கமாக இருந்தால் வாரின மண்ணெல்லாம் திரும்ப வாய்க்காலுக்குள்ளேயே போய் உட்காரும். ஆனால் படி அகலமாக வேண்டுமென்றால் ஒவ்வொரு வெட்டு மண்ணையும் அவ்வளவு தூரம் தள்ளி எறியணும். இடுப்பு விட்டுப்போகும். அதனால் எல்லா வீட்டிலும் படியில் திருடுவார்கள். எங்கள் வீட்டிலும்தான், எதற்கு மறைக்க.

அகலத்தைப் பார்க்கக் கயிறு வைத்தால் கயிற்றை மடித்துப் பிடித்தார்கள். கோல் வைத்தால் கோலை நறுக்கினார்கள். கடைசியில் ஆளையே படுக்கவைத்துவிட்டார்கள். குவியலடியில் தலை, வாய்க்கால் பக்கம் கால். கால் அந்தரத்தில் தொங்கினால் படி போதாது, குவியலைப் பின்னால் தள்ளு. மனுஷனை நறுக்க முடியாதே. அந்த ஆள்தான் குவாந்திக். அளக்கிறவர் வீட்டுக்கு வெட்டுகிற பங்கு கிடையாது என்பது வழக்கம்.

ஆட்டுத்தோல் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் படுப்பார். தூங்கியும் போவார். தண்ணீர் முறை வைக்கிற மீராப் யோல்தாஷ், காலால் தட்டி எழுப்புவார்.

"எந்திரிய்யா, அடுத்த வீடு காத்துக்கிட்டு இருக்கு."

"இருங்க மீராப். படி தாங்குதான்னு பாக்குறேன்."

ஒரு குளிர்காலத்தில் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஆண்பிள்ளைகளெல்லாம் சதி பண்ணினார்கள். நெட்டையனைப் படுக்கவைத்து நாம ஏன் இடுப்பை ஒடிச்சுக்கணும், நாவிதர் மத்பனாவும் மனுஷன்தானே என்று. மத்பனா கால் நீட்டினால் கட்டிலில் பாதி மிச்சமிருக்கும். தினம் சண்டை தீர்த்து அலுத்துப்போயிருந்த மீராப், சரி எப்படியோ போங்க என்றுவிட்டார்.

குவாந்திக் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டார்.

"எனக்கும் ஒரு பங்கு வெட்டச் சொல்லிட்டாங்க."

அவர் சம்சாரம் ஆய்ஜமால் அக்கா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை. "மண்வெட்டின்னா எதுன்னு தெரியுமாங்க? கொட்டில்ல கோழி ஏறி உக்காருதே, அதுதான்."

அந்த வருஷம் ஊரே சீக்கிரம் வேலையை முடித்தது. மத்பனா பெருமையாகப் படுத்துப் படுத்து எழுந்தார், எல்லார் படியும் தேறியது. குவாந்திக் வெட்டின பங்கில் மட்டும் மண் எறிந்த மாதிரியே இல்லை, கையிலிருந்து நழுவி விழுந்த மாதிரி இருந்தது. அங்கே மத்பனாவே முழங்காலை மடக்கித்தான் படுத்தார். பாவம் பார்த்துத் தேறியது என்றும் சொல்லிவிட்டார்.

தண்ணீர் திறந்தார்கள். முதலில் சரிந்தது குவாந்திக்கின் குவியல். அதைப் பார்த்து அடுத்தது, அதற்கடுத்தது. வாய்க்கால் அடைத்துக்கொண்டு தண்ணீர் கரையேறி, வேறு இடமே இல்லாத மாதிரி, மத்பனா விதை ஊன்றியிருந்த முலாம்பழத் தோட்டத்துக்குள் நுழைந்தது.

"அண்ணே, இது உங்க மண்ணு" என்றார் மத்பனா. முட்டி வரைக்கும் சேறு.

"என் மண்ணுதான் தம்பி. தேறினதுன்னு சொன்னது யாரு?"

தன் புருஷன் தெரிந்தேதான் செய்தார், மூளைக்காரர் என்று ஆய்ஜமால் அக்கா சாகிறவரைக்கும் சொன்னாள். மூளையுமில்லை ஒன்றுமில்லை, சோம்பல். அக்காவிடமும் அதையேதான் சொன்னேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

மீராப் தண்ணீரை நிறுத்தினார். குவாந்திக் படுத்துப் பார்க்கணும், படி போதாதவர்களெல்லாம் திரும்ப வெட்டணும் என்றார். குவாந்திக் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் வீட்டுப் படியில் கால் தொங்கியது. "போதல." எங்கள் வீட்டில் தொங்கியது. கூடப்பிறந்த தம்பி என்றும் பார்க்கவில்லை. "போதல." இப்படியே வந்து கடைசியில் அவருடைய பங்கு.

படுத்தார். முழங்காலுக்குக் கீழே மொத்தமும் வாய்க்கால் பக்கம் தொங்கியது. ஊரே சுற்றி நின்றது. அப்புறம் மத்பனா சொன்னார்:

"முழங்கால மடக்கிக்குங்கண்ணே. நானும் அப்படித்தான் பண்ணேன்."

சிரித்தார்கள். அவர் அசையவில்லை. காலை மடக்கினால் இன்றைக்குத் தப்பிக்கலாம். ஆனால் அவர் காலை இனி யார் நம்புவார்கள்? வருஷா வருஷம் மண்வெட்டிதான். மடக்காவிட்டால் இன்றைக்கு மட்டும் மண்வெட்டி. அந்த மனுஷனுக்கு இரண்டுமே சாவுதான். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

தொப்பிக்குள்ளிருந்து குரல் வந்தது. "போதல."

எழுந்து உட்கார்ந்தார். "ஆய்ஜமால், மண்வெட்டியக் கொண்டா."

"கோழி உக்காந்திருக்குங்க."

"கோழிய எறக்கு."

சாயங்காலம் வரைக்கும் மண்ணைத் தள்ளினார். ஒவ்வொரு தள்ளுக்கும் ஒருத்தர் வீட்டுப் பெயரைச் சொல்லி வைதார். எங்கள் வீட்டுக்கு ரெண்டு தரம். கடைசியில் மண்வெட்டியை எறிந்துவிட்டு, தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு தன் படியில் படுத்தார். குதிகால் விளிம்புக்கு உள்ளே இருந்தது. குறட்டை கேட்டது. மீராப் பக்கத்தில் வந்து நின்றார், காலால் தட்டவில்லை.

மறுநாள் கோழி மண்வெட்டிமேல் ஏறி உட்கார்ந்தது. அதற்கப்புறம் அதை யாரும் இறக்கவில்லை.