வீட்டோடு மாப்பிள்ளைக்கு ஒரு அறை

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் முகம் அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு அத்துப்படி. கதவைத் திறந்ததும் முதலில் மூச்சு வரும், அப்புறம்தான் திட்டு வரும்.

அதே முகத்தைத் தன் வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலும் பார்த்தான். வீடு மாறிப்போன வாடிக்கையாளர் ஒருவர் அவன் தலையில் கட்டிவிட்டுப் போன பச்சை இகுவானாப் பல்லி அது. வந்தபோது ஓணான் அளவு. இப்போது வாலை மடக்கித்தான் படுக்க முடிந்தது. கண்ணாடியில் முட்டி முட்டி மூக்கு புண்ணாகியிருந்தது. இருந்த இடத்துக்கே கீரை வருவதால் மனைவி அதற்கு வைத்த பெயர் ‘வீட்டோடு மாப்பிள்ளை’.

“இனிமே அதுக்கு ஒரு அங்குலம்கூடக் கிடையாது, சொல்லிட்டேன்” என்று அவள் தீர்ப்பும் சொல்லியிருந்தாள். ஆகவே அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாமான்கள் அடைந்துகிடந்த பின்னறையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலி செய்தான். ஓடாத சைக்கிளும் பழைய மோட்டார்களும் காயலான் கடைக்குப் போயின. ஜன்னலை ஒட்டி, ஆறடி நீளத்தில், கூரையைத் தொடும் உயரத்தில் மரச்சட்டம் எழும்பியது. சட்டங்களைப் பசை போட்டு இறுக்கினான். ஒரு பக்கம் வெப்ப விளக்கு, மறுபக்கம் நிழல், மேலே படுக்கப் பலகை. மூலையில் யார் கண்ணிலும் படாத ஒரு மறைவு. மறைவு இல்லாவிட்டால் அந்தப் பிராணிக்குப் பயத்திலேயே நோய் வந்துவிடும் என்று படித்திருந்தான்.

கூடமாட உதவியது அவனுடைய அக்கா. அடித்த புருஷனை விட்டு ஒரு பெட்டியோடு வந்தவள். ‘தலையெழுத்து’ என்றார்கள் உறவினர்கள். எழுதிய கையை ஒருவரும் பார்த்ததில்லை. அடித்த கையை எல்லாரும் பார்த்தார்கள், கேட்கத்தான் ஆளில்லை. அவள் படுக்கை ஹாலில். டிவி அணைந்த பிறகு பாயை விரித்து, மற்றவர்கள் எழுவதற்குள் சுருட்டிவிடுவாள்.

“என்னடா கட்டுற?” என்று முதல் நாள் கேட்டாள்.

“முடியட்டும்க்கா, சொல்றேன்.”

அவள் சிரித்துக்கொண்டே உப்புத்தாளை எடுத்தாள். மேல் பலகையை இரண்டு முறை தேய்த்தாள். சிராய்ப்பு இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

விளக்கு மாட்டிய அன்று, மடித்த நீலத் துணியோடு வந்தாள்.

“முன்பக்கம் திறந்து கெடக்கே, அதான் ஒரு திரை தைச்சேன். உள்பக்கமா ஒரு தாழ்ப்பாள் மட்டும் வெச்சிரு. வேற எதுவும் வேணாம்டா.”

அவன் காலடியில் இருந்த கூடைக்குள் இகுவானா பிறாண்டியது. அக்கா கூடையைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள்.

“ஓ… மாப்பிள்ளைக்கா?” துணியை இன்னும் சிறிதாக மடித்தாள். “நல்லதுதான். வாயில்லாத ஜீவன்.”

“அக்கா…”

“எனக்குத்தான் வாய் இருக்கே. இருந்து என்ன, கேட்டேனா?”

அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.

அவன் அந்த மறைவைப் பார்த்தபடி நின்றான். ஒரு பல்லி இனத்துக்குத் தேவை என்று அவன் படித்துத் தெரிந்துகொண்டது, குளியலறையில் நின்று உடை மாற்றும் அக்காவுக்கும் தேவை என்பதைச் சொல்ல எந்தப் புத்தகமும் வேண்டியிருக்கவில்லை.

ரம்பச் சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள்.

“கட்டினதை ஏங்க அறுக்குறீங்க?”

“பசை போட்டுட்டேன், வேற வழியில்ல. முழுசா வாசல்ல நுழையாது. இது ஹாலுக்குப் போகுது.”

“ஹாலுக்கா? டிவி எங்க போகும்?”

“ஒதுங்கும். இந்த ரூம் அக்காவுக்கு.”

அவள் சண்டைக்கு வாய் திறந்தாள். காலியான தரையைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. “அவங்க வந்தப்ப, சைக்கிளை வைக்க வேற இடம் இல்லன்னு சொன்னது நான்தான்.”

“நானும் தலையாட்டினேனே.”

அறுத்து ஒட்டிய கூண்டு ஹாலில் கோணலாக நின்றது. மாப்பிள்ளை மட்டும் குறை சொல்லாமல் மேல் பலகையில் ஏறி வாலை நீட்டிக்கொண்டது. பின்னறைக் கதவில் அவன் தாழ்ப்பாளைத் திருகி முடித்தான்.

அக்கா பெட்டியோடு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

அடுத்தது திட்டு வரவேண்டும். அவன் திருப்புளியோடு வெளியே நின்று காத்திருந்தான். வரவேயில்லை.