ஏழு சுழி, மூன்று வளையம்

என் பத்து விரல்களின் வரிகளில் ஏழில் வட்டமாகச் சுற்றும் சுழியும் மூன்றில் பாதி வளைந்து திரும்பும் வளையமும் இருக்கின்றன. எழுபத்திரண்டு வயதுவரை இதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் தேயிலைக் கொழுந்தைத் தராசில் நிறுத்து எழுதியவனுக்கு இது ஒரு குறைதான்.

போன சித்திரையில் என் மனைவியின் அண்ணன் மகள், எனக்கு மருமகள் முறை, எங்கள் சூரியநெல்லிக்கு வந்தாள். நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். விரல்வரிகளுக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பதற்காக, மையும் தாளுமாக, தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாகப் போய்க்கொண்டிருந்தாள். தாயின் வயிற்றில் நான்கைந்து மாதத்துக்குள் இந்த வரிகள் அமைந்துவிடுமாம். உள்ளுறுப்புகள் வளர்வதும் அப்போதுதான் என்பதால், உடம்பில் பின்னால் வரப்போவதற்கு விரலில் ஒரு குறிப்பு இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சுழி அதிகம் என்று சிலர் கண்டிருக்கிறார்கள். இல்லை என்பவர்களும் உண்டு.

“முடிவா ஒண்ணும் தெரியாது மாமா. அதுக்குள்ள ஏன் மூஞ்சி வாடுது?” என்றாள்.

“மாட்டுக்குத்தான் சுழி பாத்து வாங்குவாக. இப்ப மாமாவுக்கும் பாத்தாச்சு. எதுக்கும் சந்தைக்கு ஓட்டிட்டுப் போயிருவமா?” என்றாள் என் மனைவி.

அவள் விரல்களை மூன்று தாளில் பதித்தும் சரியாக விழவில்லை. முப்பத்துநான்கு வருஷம் கொழுந்து கிள்ளிய கை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் வழவழப்பாக, குறுக்கே பழைய வெட்டுத் தழும்புகளோடு இருந்தன. பென்ஷனுக்கு வருஷாவருஷம் கைரேகை வைக்கும்போதும் இயந்திரம் அவளை ஏற்பதில்லை. கண்ணைப் படம் பிடித்துத்தான் அனுப்புவார்கள். தாளை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது என்று மருமகள் சொன்னாள். அப்படியானால் ரத்தம் பார்க்கிற ஊசியும் வேண்டாம் என்று என் மனைவி எழுந்து போய்விட்டாள். எனக்கு மட்டும் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை.

இன்று இல்லை, ஏழு சுழி எங்கே போகும்? டீயில் சீனியை நிறுத்தினேன். எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கிறேன், எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறேன் என்று ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்தேன். இருபது நாள் ஆனதும் மருமகளை போனில் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

“காலையில ஆறு அஞ்சு. எட்டு இருபது, கதவு சாத்தியிருந்தது, காத்திருந்தேன். பத்து நாப்பது, கதவு சாத்தியிருந்தது. பன்னெண்டு பத்து, கதவு சாத்தியிருந்தது…”

“மாமா, கொஞ்சம் நில்லுங்க. உள்ள யாரு?”

“ஒங்க அத்தைதான். வேற யாரு இருக்கா இங்க?”

“அத்தை தண்ணி எவ்வளவு குடிக்காங்க?” என்று கேட்டாள்.

குடத்தை நிரப்புவது என் மனைவி. என் டம்ளரை மட்டும்தான் நான் எண்ணியிருந்தேன். நோட்டைப் புரட்டினேன். ‘கதவு சாத்தியிருந்தது’ என்று இருபது நாளில் அறுபத்தெட்டு இடத்தில் என் கையாலேயே எழுதியிருந்தேன்.

மறுநாள் சோதனைச்சாலையில், அவள் விரலின் தடித்த தோலில் முதல் குத்துக்கு ரத்தம் வரவில்லை. இரண்டாவதற்கு வந்தது. வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பத்தொன்று. கால் எரியுமா என்று அங்கே கேட்டதற்கு, ரொம்ப நாளாக என்றாள்.

“காலு எரியுதுன்னு ஏன் ஒரு வார்த்தை சொல்லல நீ?” என்றேன், பஸ்ஸில்.

“நீங்க ஒங்க சுழிய எண்ணிக்கிட்டு இருந்தீக. நடுவுல பேசுனா கணக்கு தப்பிரும்னு சொல்வீகளே.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நோட்டில் அவளுக்கும் ஒரு பத்தி உண்டு. ஐந்து மாதத்தில் சர்க்கரை நூற்று முப்பதுக்கு இறங்கியிருக்கிறது. நேற்றுக் காலை டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக அவள் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கொழுந்து கிள்ளாத சுண்டுவிரலில் மட்டும் வரிகள் பிழைத்திருந்தன. பன்னிரண்டு வரி எண்ணினேன். வளையம்தான், சுழி இல்லை. சந்தேகமாக இருந்ததால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

“எண்ணி முடிச்சதும் அந்த மாத்திரைய எடுத்துத் தாங்க,” என்றாள். “இட்லி ஆறுது.”