அடுப்போரம் வைத்த போன்

வில்பட்டியிலிருந்து தினமும் கொடைக்கானலுக்குப் போய் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறேன். என் போன் வாங்கி நாலு வருடம். இந்தக் குளிர்காலத்தில் நாற்பது சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றினால் மறுபடி ஆன் ஆகும். அதையே பழக்கமாக்கிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் அதன் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. விரலால் அமுக்கி மூடப் பார்த்தேன்.

"ஏன் அதோட மல்லுக்கட்டுற? வெரசா புதுசு வாங்கிரு" என்றார் கணவர்.

அன்று வேலை முடிந்ததும் கொடைக்கானல் ஏழுரோடு சந்திப்பில் ஒரு போன் கடைக்குப் போய்ப் புதுப் போன் கேட்டேன். கடைக்கார அம்மா பழையதை வாங்கிப் பார்த்தவர், உடனே அணைத்துத் தள்ளி வைத்தார்.

"பேட்டரி உப்பிக் கெடக்கு. அமுக்குனீங்களா?"

"ஆமாங்க. அடுப்புக்கிட்டயும் வச்சேன்."

"நல்லவேளை, தீப்பிடிக்கல."

குளிரில் அது அணைந்து அணைந்து போவதால்தான் அப்படிச் செய்தேன் என்று சொன்னேன்.

"பழைய பேட்டரி குளிருக்கு அப்படித்தான் அணையும். மத்தபடி ஆப் எல்லாம் ஓடுதா, அப்டேட் வருதா?"

"எல்லாம் சரியா இருக்குங்க."

"பின்ன எதுக்குப் புதுசு? பேட்டரிய மட்டும் மாத்திக்கிடுங்க."

மாற்றினேன். இரண்டு மாதமாக விடிகாலைப் பனியிலும் போன் அணையவில்லை. இப்போது அதை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்கிறேன். அடுப்படிக்குக் கொண்டுபோவதே இல்லை. அப்டேட் நிற்கும்வரை இதுவே எனக்குப் போதும்.

போன வாரம் கணவர் தன் போன் மெதுவாக ஓடுகிறது என்று புது மாடல்களைப் பார்க்க ஆரம்பித்தார். "மொதல்ல என்ன பழுதுன்னு பாத்துட்டு வாங்க" என்று அதே கடைக்கு அனுப்பிவைத்தேன்.