மழைக் கட்டுரைக்குக் கீழே ஒரு கமெண்ட்

இணையத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எட்டாம் வகுப்புக்கு வாய் கிழியப் பாடம் எடுத்தவள் நான். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே, முகம் தெரியாதவரைக் கேலி செய்யாதே, விசாரிக்காமல் எதையும் நம்பாதே. மூன்றையும் போர்டில் எழுதி அடிக்கோடு வேறு போட்டேன். அந்த அடிக்கோட்டை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

கேரளத்தில் வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடம் எங்களுடையது. பிள்ளைகள் பெரும்பாலும் தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வருகிறவர்கள். பாலக்காட்டுக்குக் கிழக்கே, சித்தூர் தாண்டி, இன்னொரு தமிழ்ப் பள்ளியில் வேலை பார்க்கும் சார் ஒருவர் பயிற்சி வகுப்பில் பழக்கமானார். இரண்டு வகுப்பும் ஆன்லைனில் ஒரே பக்கத்தில் சேர்ந்து எழுதட்டும் என்று முடிவு செய்தோம். தலைப்பு மழை. எங்களுக்கு அது நின்றால் போதும், அவர்களுக்கு வந்தால் போதும். எல்லாரும் எழுதியதும் ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் கூடி, பள்ளிக்கு ஒருவர் வாசிப்பதாக ஏற்பாடு.

எங்கள் பக்கத்தில் வாசிக்கப்போவது முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி. கொட்டுகிற மழையில் அம்மா கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்பதை அவள் எழுதியிருந்தாள். படித்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் வாசிக்கிறதப் பாக்க அம்மா அரைநாள் லீவு சொல்லியிருக்காங்க டீச்சர்" என்று அவள் என்னிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை சார் போன் செய்தார். "ஏனுங்க டீச்சர், எங்க பையன் ஒருத்தன் அழுதுட்டு உக்காந்திருக்கானுங்க. உங்க புள்ளை என்ன எழுதியிருக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்த கதையை அந்தப் பையன் எழுதியிருந்தான். அதற்குக் கீழே ஒரு கமெண்ட்: "அப்ப நீ குளிக்கவே மாட்டியா? இங்க வரைக்கும் நாறுது." பக்கத்தில் என் முதல் பெஞ்சுப் பெண்ணின் பெயர்.

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு நுனியில் நிற்காது, நேரே வகுப்புக்குள் போய்விடும். எல்லார் முன்னாலும் அவளை எழுப்பி நிறுத்தினேன்.

"நான் எழுதல டீச்சர்."

"உன் பேர்தான இருக்கு? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

வெள்ளிக்கிழமை நீ வாசிக்க வேண்டாம் என்றேன். எழுதி வைத்திருந்த தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார்ந்து, ஹெட்மாஸ்டரிடம் காட்ட இன்னும் ஆதாரம் கிடைக்குமா என்று, யார் யார் எதை எழுதினார்கள் என்ற பட்டியலை போனில் தோண்டினேன். நன்றாகவே கிடைத்தது. அவள் பெயரில் ஐந்து கட்டுரைகள்! ஒன்று அவளுடையது; மற்ற நான்கின் அடியிலும் வேறு வேறு பிள்ளைகளின் பெயர் போட்டிருந்தது. எல்லாம் ஒரே லயத்துப் பிள்ளைகள். அந்த லயத்தில் உருப்படியான போன் ஒன்றுதான், அவள் அம்மாவுடையது. ரேஞ்ச் கிடைக்கும் பாறைமேல் ஏறி, ஐந்து பேரும் அதில்தான் மாற்றி மாற்றி எழுதினார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. போன் இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுங்கள் என்று சொன்னதே நான்தான். அந்தப் போனிலிருந்து யார் எழுதினாலும் அவள் பெயர்தானே விழும்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் வகுப்பிலேயே அவளிடம் கேட்டேன். "யாரு எழுதினதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் டீச்சர். அவனே சொல்லட்டும்னு இருந்தேன்."

மூன்றாவது பெஞ்சில் அதே லயத்துப் பையன் ஒருவன் தலையைத் தொங்கப் போட்டபடி எழுந்தான். "சும்மா தமாசுக்குத்தான் டீச்சர்..." பள்ளிக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்து, சித்தூர்ப் பையனிடம் தன் சொந்தப் பெயரிலேயே மன்னிப்பு கேட்க வைத்தேன்.

அடுத்து என் முறை. வகுப்பில் வாயால் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் அவள் பெயர் சித்தூர் வரை கெட்டிருந்தது. அதனால் இரண்டு பள்ளியும் பார்க்கிற அந்தப் பக்கத்திலேயே, அவள் கட்டுரைக்குக் கீழே எழுதினேன்: "அந்தக் கேலியை எழுதியது நீ இல்லை. விசாரிக்காமல் உன்மேல் பழி போட்டேன். தவறு என்னுடையது. மன்னித்துவிடு. டீச்சர்." வெள்ளிக்கிழமை நீதான் வாசிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"பாக்கலாம் டீச்சர்" என்றாள்.

கமெண்டுக்குப் பக்கத்தில் ஒரு டிக் இருக்கும். அமுக்கினால் விஷயம் தீர்ந்தது என்று அர்த்தம், கமெண்ட் மறைந்துவிடும். புதன் முழுக்க என் மன்னிப்பு அங்கேயே கிடந்தது. வியாழனும் கிடந்தது. இன்டர்வெல்லுக்கு இன்டர்வெல் எட்டிப் பார்த்தேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படித் தவித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், காணோம். தீர்ந்துபோன கமெண்டுகளின் பட்டியலில், டிக்கை அமுக்கியவர் என்று அவள் பெயர் இருந்தது. துள்ளிக் குதிக்கப் போனவள் அப்படியே நின்றேன். செவ்வாய்க்கிழமையும் அவள் பெயர்தானே இருந்தது?

கூட்டத்துக்கு முன் வகுப்புக்குப் போனேன். அவள் அம்மா நனைந்த குடையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் மகளிடம் போய் மெதுவாகக் கேட்டேன். "அந்த டிக்க அமுக்கினது யாரும்மா?"

"நான்தான் டீச்சர்" என்றாள். நான்காக மடித்த தாளைப் பிரித்துக்கொண்டே, "அன்னைக்கும் இப்படிக் கேட்டிருக்கலாம்ல?" என்றாள்.

ஆமாம்மா என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவள் கேமராவுக்கு முன்னால் போய் நின்று வாசிக்க ஆரம்பித்தாள்.